தேசிய திறந்தநிலைப் பள்ளி: வீட்டில் கற்பிக்கும் ஒரு தாயின் மதிப்பீடு

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோரை ஊரும் உறவும் கேட்காத கேள்வி இல்லை. ஆனால் அவற்றுள் நழுவ முடியாத கேள்வி ஒன்றுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்ன வழி? வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் எனக்குத் தெரிந்த பலரும் இதற்குச் சொல்லும் விடை, என்.ஐ.ஓ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். என் மகள் நான்காம் வகுப்போடு பள்ளியிலிருந்து விலகி, தஞ்சாவூரில் எங்கள் வீட்டிலேயே படித்து, இந்நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்பை முடித்தவள். அந்த அனுபவத்தில் எழுதப்படும் மதிப்பீடு இது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும் அமைப்பாக, நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் தொலைவில், இதற்கு இணையான வேறொன்றை நான் கண்டதில்லை. கற்பிக்கும் பள்ளியாக இதை நம்பிச் சேருபவர்களோ ஏமாந்துபோவார்கள். இதைப் பற்றி நாம் கேட்கும் பாராட்டுகளிலும் வசைகளிலும் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவை.

இந்நிறுவனம் வீட்டுவழிக் கல்விக்காகத் தொடங்கப்பட்டதன்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1979ஆம் ஆண்டு சோதனை முயற்சியாகத் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளித் திட்டம், 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, 1989இல் தன்னாட்சி பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியாக உருவெடுத்து, 2002இல் இப்போதைய பெயரைப் பெற்றது. தலைமையகம் நொய்டாவில் இருக்கிறது. மண்டல மையங்களுள் ஒன்று சென்னையில் உள்ளது. இடையில் படிப்பை விட்டவர்கள், வேலைக்குப் போகும் இளைஞர்கள், மணமானதும் படிப்பு நின்றுபோன பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை மனத்தில் வைத்தே இதன் விதிகள் வகுக்கப்பட்டன. பள்ளி முறையோடு ஒத்துப்போக மனமில்லாமல் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்ட எங்களைப் போன்றோர் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டால், இவ்வமைப்பு எதைத் தாராளமாகத் தருகிறது, எதைத் தருவதற்கு அதனிடம் ஏற்பாடே இல்லை என்பது விளங்கும்.

சட்டத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று தன் 10ஆம் பிரிவில் கூறுகிறது. அக்கடமையைச் செய்யாத பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை. வீட்டுவழிக் கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை. பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வந்த ஆசிரியை ஒருவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த உலகப் படத்தையும் மேசையில் விரிந்து கிடந்த கணக்கு நோட்டையும் பார்த்துவிட்டு, படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று தெரியாமல், “இடைநின்ற குழந்தைன்னே போட்டுக்கட்டுமாங்க அம்மா?” என்று கேட்டார். வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளையும் திருமணம் செய்துவைக்கப்பட்ட சிறுமிகளையும் தேடி வருகிற அந்தக் கணக்கெடுப்பின் மீது எனக்குக் குறையில்லை. அது எங்கள் வீட்டுக்கும் வரத்தான் வேண்டும். வீட்டில் முறையாகப் படிக்கும் பிள்ளையைப் பதிந்துகொள்ள ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை என்பதுதான் என் குறை. கல்விச் சுதந்திரம் பற்றிப் பேசும் பெற்றோர் சிலர், அரசு தங்கள் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது என்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பதிந்துகொண்டு, ஆண்டுக்கொரு முறை பிள்ளையோடு பேசிப் பார்த்துவிட்டுப் போகட்டும். என்ன படிப்பது, எந்த வரிசையில் படிப்பது என்பதை மட்டும் எங்களிடம் விட்டுவிடட்டும்.

மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வி நிலைகளையும் இந்நிறுவனம் நடத்துகிறது. அவற்றை நாங்கள் பயன்படுத்தவில்லை. ஆகவே அவற்றைப் பற்றி எழுதவில்லை.

பத்தாம் வகுப்புச் சேர்க்கைக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்கு 15. இங்கேதான் வீட்டில் படித்த பிள்ளையின் பெற்றோர் முதன்முறையாக நிம்மதியாக மூச்சு விடுவார்கள். டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழ் எங்கே, எட்டாம் வகுப்பு எந்தப் பள்ளியில், மாநிலக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் எமிஸ் எண் என்ன என்று பள்ளிகளில் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. பத்தாம் வகுப்புப் பாடங்களைத் தொடர்ந்து படிக்கப் போதுமான அளவு தான் கற்றிருப்பதாக மாணவர் தாமே எழுதிக் கையொப்பமிடும் உறுதிமொழியை இந்நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. பிறந்த தேதிக்கான ஆவணம், அடையாள அட்டை, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றோடு இணையத்தில் விண்ணப்பித்தால் போதும். ஒரு பிள்ளை கற்றிருக்கிறதா என்பதைப் பள்ளியின் முத்திரையைக் கொண்டு முடிவு செய்யாமல் பிள்ளையின் சொல்லையே நம்பித் தேர்வறைக்குள் அனுமதிக்கும் இந்த ஒரு விதிக்காகவே இந்நிறுவனத்தின் மற்ற குறைகளில் பாதியைப் பொறுத்துக்கொள்வேன். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கும் கட்டணத்தில் சலுகை உண்டு. சேர்க்கைக் கட்டணம், பாடவாரியான தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தாலும், எங்கள் பகுதியில் ஒரு தனியார் பள்ளி ஒரு பருவத்துக்கு வாங்கும் தொகையில் சிறு பங்குதான் வரும்.

பாடத் தேர்வில் கிடைக்கும் தாராளம் மாநில வாரியத்தில் படித்து வளர்ந்த எனக்கு முதலில் நம்பவே கடினமாக இருந்தது. குறைந்தது ஐந்து பாடங்கள் எடுக்க வேண்டும். அவற்றுள் ஒன்றோ இரண்டோ மொழிப்பாடங்களாக இருக்க வேண்டும். விரும்பினால் மேலும் இரண்டு பாடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றோடு மனையியல், ஓவியம், உளவியல், வணிகவியல், பொருளியல், கணக்குப் பதிவியல், இந்தியப் பண்பாடும் மரபும் போன்ற பாடங்கள் ஒரே வரிசையில் சம தகுதியோடு நிற்கின்றன. தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். மற்றப் பாடங்களையும் பத்தாம் வகுப்பில் தமிழ்வழியிலேயே எழுதலாம். என் மகள் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், ஓவியம் என்று எடுத்தாள். ஓவியப் பாடநூலில் மொகஞ்சதாரோவின் நடன மங்கை முதல் மோனலிசா வரை படித்து, அவற்றைப் பற்றித் தேர்வில் எழுதி, தூரிகையைப் பிடித்துச் செய்முறைத் தேர்வும் எழுதி, கணிதத்துக்குக் கிடைக்கும் அதே மதிப்பில் மதிப்பெண் பெறலாம் என்பது, நோட்டின் ஓரத்தில் படம் வரைந்ததற்காக முன்பு பள்ளியில் வசை வாங்கிய பிள்ளைக்குச் சிறிய செய்தியன்று.

கணிதமும் அறிவியலும் இங்கே கட்டாயமில்லை. பிள்ளைக்குக் கணக்கு வராது என்று தீர்மானித்துவிட்டு, மனையியலையும் ஓவியத்தையும் வைத்துப் பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடலாம் என எண்ணும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். பாலிடெக்னிக் போன்ற படிப்புகள் பத்தாம் வகுப்புக் கணிதத்தையும் அறிவியலையும் கேட்கும் என்பதை அவர்கள் பிறகுதான் அறிகிறார்கள். பதினான்கு வயதில் ஒரு பாடத்தை விட்டுவிடும் உரிமை உண்மையில் பெற்றோரால்தான் பயன்படுத்தப்படுகிறது. விளைவைச் சுமப்பதோ பிள்ளை. நல்ல வேளையாக, விட்ட பாடத்தைப் பின்னர் கூடுதல் பாடமாக எடுத்து எழுதிக்கொள்ளவும் இங்கே இடமிருக்கிறது.

பாடச் சுதந்திரத்தைவிடவும் நான் உயர்த்திப் பேசுவது காலச் சுதந்திரத்தை. ஒரு முறை பதிவு செய்தால் அது ஐந்தாண்டுகள் செல்லும். அதற்குள் பொதுத் தேர்வை எழுத ஒன்பது வாய்ப்புகள் உண்டு. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரு முறை தேர்வு நடக்கிறது. ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. தயாரான பாடத்தை மட்டும் எழுதலாம், தேர்ச்சி பெற்றது கணக்கில் சேர்ந்துகொண்டே வரும், ஐந்தும் நிறையும்போது சான்றிதழ். வேறு வாரியத்தில் எழுதித் தவறியவர்கள், அங்கே தேர்ச்சி பெற்ற பாடங்களில் இரண்டு வரை இங்கே கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளலாம். இவை போதாவென்று, குறிப்பிட்ட மையங்களில் மாணவர் விரும்பிய நாளில் எழுதும் தேர்வும் உண்டு. வினா வங்கியிலிருந்து அந்த மாணவருக்கென்றே கணினி தனி வினாத்தாளை உருவாக்கித் தருகிறது.

தேர்வு என்ற சொல்லைக் கேட்டாலே ஊரே ஒரு மார்ச் மாதத்தை நினைத்து நடுங்குகிற மாநிலம் நம்முடையது. பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் கேபிள் இணைப்பைத் துண்டிப்பார்கள், திருமணத்துக்குப் போக மாட்டார்கள், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால்கூடத் தாய் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்புவாள். அந்த நடுக்கம் எங்கள் வீட்டில் இல்லாமல் போனதற்கு என் வளர்ப்போ கணவரின் பொறுமையோ காரணமில்லை. இந்த விதிகள்தான் காரணம். மகள் மொழிப்பாடங்களை ஒரு பருவத்திலும் கணிதத்தையும் அறிவியலையும் அடுத்த பருவத்திலும் எழுதினாள். இடையில் வந்த மழைக்காலம் முழுவதும் அவள் ஒரே ஒரு பகுதியோடு, அதாவது அறிவியலில் வரும் வேதியியலோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்; அவளை அவசரப்படுத்த என்னிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை.

இனிப் பாடநூல்கள். ஆசிரியர் இல்லாமல் தானாகப் படிக்கும் மாணவரை எண்ணி எழுதப்பட்டவை என்பது அவற்றின் அமைப்பிலேயே தெரிகிறது. ஒவ்வொரு பாடமும் அதைப் படித்து முடிக்கையில் என்ன தெரிந்திருக்கும் என்று சொல்லித் தொடங்குகிறது. சில பக்கங்களுக்கு ஒரு முறை நிறுத்திச் சிறு வினாக்கள் கேட்கிறது. முடிவில் கற்றவற்றின் தொகுப்பும் பயிற்சி வினாக்களும், இடையில் கேட்ட வினாக்களுக்கான விடைகளும் இருக்கின்றன. எல்லா நூல்களையும் நிறுவனத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். சேராமலேயே படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் படிக்கும் ஆசையைத் தூண்டும் நூல்கள் என்று இவற்றைச் சொல்ல மாட்டேன். விளக்கம் ஒழுங்காக இருக்கிறது; வியப்பு இல்லை. 2018 முதல் படிப்படியாக வெளிவந்த தமிழ்நாட்டு அரசின் புதிய பாடநூல்களை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும்: வண்ணப் படங்கள், கியூ.ஆர். கோடு எனப்படும் விரைவுத் துலங்கல் குறியீட்டின் வழியே திறக்கும் காணொளிகள், நம் ஊர்ப் பெயர்களோடு வரும் எடுத்துக்காட்டுகள், பழகிய கலைச்சொற்கள். அவையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே எங்கள் வீட்டில் கருத்தைப் புரிந்துகொள்ள மாநில அரசின் நூலும், தேர்வுக்கான எல்லையை அறிந்துகொள்ள இந்நிறுவனத்தின் நூலும் என்று வைத்துக்கொண்டோம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக்கொள்ள முடிகிறதே, எந்தப் பள்ளியில் இது நடக்கும் என்று சமயத்தில் எண்ணிக்கொள்வேன்.

முக்கோணவியல் படித்த காலத்தில் மகள் ஒரு பாகைமானியின் நடுத்துளையில் நூல் கட்டி, அதன் நுனியில் ஓர் இரும்பு நட்டைத் தொங்கவிட்டு, நேர்விளிம்பில் சர்பத் குடிக்கும் குழலை ஒட்டிக் கொண்டாள். அதை எடுத்துக்கொண்டு பெரிய கோவிலுக்குப் போனோம். திருச்சுற்றில் நின்று குழல் வழியே விமானத்தின் உச்சியைப் பார்த்தாள். நூல் காட்டிய கோணத்தை அவள் தம்பி படித்துச் சொன்னான். நான் நாடாவை இழுத்து நின்ற இடத்துக்கும் விமானத்தின் அடிக்கும் உள்ள தொலைவை அளந்தேன். ஏறக்குறைய 216 அடி என்று பொதுவாகச் சொல்லப்படும் உயரத்துக்கு எங்கள் விடை எட்டவில்லை. விமானத்தின் அடித்தளமே அகலமானது, உச்சிக்கு நேர்கீழான புள்ளி உள்ளே கருவறைக்குள் இருக்கிறது, ஆகவே நாம் அளந்த தொலைவோடு அடித்தளத்தின் அகலத்தில் பாதியையும் கூட்ட வேண்டும் என்று அவளே கண்டுபிடித்துத் திருத்தினாள். டேஞ்சன்ட் என்றால் என்ன என்பதை அதன் பிறகு நான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதை எழுதக் காரணம் உண்டு. இந்நிறுவனத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் டி.எம்.ஏ. எனப்படும் ஒப்படைப்பு ஒன்றை மாணவர் எழுதித் தர வேண்டும்; இறுதி மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கு. ஆறு வினாக்கள்: முதல் மூன்றுக்குத் தலா 2 மதிப்பெண், அடுத்த இரண்டுக்குத் தலா 4, கடைசியாக வரும் செயல்திட்டத்துக்கு 6. கையால் எழுதி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளை தன் வழியில் கற்றதைத் தன் கையெழுத்தில் காட்டக்கூடிய இடம், இந்த முழு அமைப்பிலும் அந்த ஆறாவது வினா ஒன்றுதான். தேர்வுத்தாளில் இல்லாத சுதந்திரம் அதில் இருக்கிறது. ஆனால் அதைத் திருத்துகிறவரின் ஈடுபாட்டைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது. கோவிலை அளந்ததை மகள் வரைபடத்தோடு எழுதி அனுப்பியதற்கு எங்களுக்கு எண் ஒன்று மட்டும் வந்தது; வரைபடத்தின் மேல் ஒரு டிக் கூட இல்லை, ஒரு சொல் குறிப்பும் இல்லை. ஆசிரியர் பிள்ளைக்கு வழிகாட்டும் கருவியாக இந்த ஒப்படைப்பு திட்டமிடப்பட்டது. நடைமுறையில் அது மதிப்பெண் சேர்க்கும் சடங்காகிவிடுகிறது. சந்தையில் விடை எழுதிய ஒப்படைப்புகளை விற்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றால் அதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இவ்வமைப்பின் மெலிந்த கண்ணி படிப்பு மையங்கள். சேரும்போது ஒவ்வொரு மாணவருக்கும், இந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பள்ளியொன்று படிப்பு மையமாக ஒதுக்கப்படுகிறது. வார இறுதியிலோ விடுமுறையிலோ பாட ஐயங்களைத் தீர்க்கும் நேர்முக வகுப்புகளை நடத்துவதும் ஆய்வகத்தைத் திறந்துவிடுவதும் அப்பள்ளியின் பொறுப்பு. எங்களுக்கு வாய்த்தது பக்கத்து ஊரிலிருந்த ஒரு தனியார் பள்ளி. தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் வகுப்பு அடுத்த மாதம் என்றார்கள். ஒருவழியாக ஆய்வகத்தைத் திறந்த சனிக்கிழமையன்று, நுண்ணோக்கி பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது; சாவி வைத்திருந்த ஆய்வக உதவியாளர் விடுப்பில் இருந்தார். பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று அதன் படத்தை நோட்டில் வரைந்துகொண்டு வீடு திரும்பினார்கள். அப்பள்ளியின் அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அவர்களுடைய சொந்த மாணவர்களுக்கு நடுவே எங்கள் பிள்ளைகள் விருந்தாளிகளாகக்கூட இல்லை என்பதை மட்டும் மறைக்க அவரால் முடியவில்லை. நல்ல மையம் வாய்த்தவர்கள் வேறுவிதமாகச் சொல்லக்கூடும். என் அறிவுரை, விண்ணப்பத்தில் மையத்தைத் தெரிவு செய்யும் முன்பே நேரில் போய், நேர்முக வகுப்பின் சென்ற ஆண்டு அட்டவணையைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது. காட்டத் தயங்கினால் அடுத்த மையத்துக்குப் போய்விடலாம். செய்முறை உள்ள பாடங்களில் செய்முறைக்கும் தனித்துத் தேர்ச்சி பெற வேண்டும் என்பதால் இதை அலட்சியமாக விட முடியாது.

இந்தக் குறையிலிருந்து பிழைப்பு நடத்துபவை டுட்டோரியல்கள். பேருந்து நிலையச் சுவர்களில் ‘பள்ளி செல்லாமலே பத்து, பன்னிரண்டு தேர்ச்சி’ என்று ஒட்டியிருப்பார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். நிறுவனம் வாங்கும் கட்டணத்தைப் போலப் பல மடங்கு வாங்கிக்கொண்டு, விண்ணப்பம் நிரப்புவதைத் தவிர வேறொன்றும் செய்யாதவை அவற்றுள் பல. விண்ணப்பத்தை வீட்டிலிருந்தபடியே நாமே நிரப்பலாம். பத்தாம் வகுப்பு முடித்ததற்கும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெறுவதற்கும் இடையே இரண்டாண்டு இடைவெளி இருக்க வேண்டும் என்ற விதியை அறிந்தவர்கள், ஒரே ஆண்டில் எல்லாம் முடித்துத் தருகிறோம் என்ற பேச்சில் விழ மாட்டார்கள்.

மாற்று வழிகளும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களை அனுமதிக்கிறது: பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதலாம், அதில் தேர்ச்சி பெற்றுப் பதினான்கரை வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்பை நேரடியாக எழுதலாம். இதற்குக் கட்டணம் மிகக் குறைவு. நல்ல பாடநூல்களும் இதற்கே உரியவை. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பள்ளியொன்றில் முன்கூட்டியே பெயர் பதிவு செய்து வகுப்புகளுக்குப் போய்வர வேண்டும். பாடங்களை நாம் தேர்ந்துகொள்ள முடியாது, ஐந்தும் விதித்தபடிதான். மகளுக்கு ஓவியம் வேண்டியிருந்ததாலும் பருவம் பிரித்து எழுத வேண்டியிருந்ததாலும் நாங்கள் இவ்வழியை விட்டோம். இவ்விரண்டும் தேவைப்படாத குடும்பத்துக்கு இதையே பரிந்துரைப்பேன். கேம்பிரிட்ஜ் வாரியத்தின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவோரும் உண்டு. பாடத்திட்டம் சிறப்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாடத்துக்குப் பாடம் கட்டும் தொகையைக் கேட்டதும் நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீட்டுவழிக் கல்வியைப் பற்றி உற்சாகமாகப் பேசும் கூட்டங்களில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அடுத்த ஆண்டே அது பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அப்பள்ளிகளில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் உள்ளது. மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமையைப் பெற, பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அதற்குப் பள்ளி தரும் சான்று வேண்டும். வீட்டில் தமிழிலேயே சிந்தித்து, தமிழிலேயே அறிவியல் படித்து, தமிழிலேயே தேர்வெழுதினாலும், நான்காம் வகுப்புக்குப் பின் படித்ததற்குச் சான்று தர எந்தத் தலைமையாசிரியரும் இல்லாத என் மகளுக்கு இந்த வாசல்கள் இல்லை. இச்சலுகைகள் அரசுப் பள்ளியை நம்பிய ஏழைக் குடும்பங்களுக்காக வந்தவை, ஆகவே இதை அநீதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் வசதி குறைந்த பெற்றோர் ஒருவர் என்னிடம் வந்து பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டால், குழந்தையின் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசும் முன்னால் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

சான்றிதழின் மதிப்பைப் பற்றிய அச்சத்தில் பெரும்பகுதி பழைய காலத்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு இதை ஏற்கிறது. மதிப்பெண் பட்டியலை அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் எடுத்துக்கொள்ளலாம். மருத்துவப் படிப்புக்கான விதிமுறைகளில் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களை விலக்கிய பிரிவு ஒன்று இருந்தது. அதைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018இல் செல்லாதென்று அறிவித்தது. மேல்நிலையில் உரிய பாடங்களோடு தேர்ச்சி பெற்றவர்கள் இப்போது நீட் எழுதலாம். இருந்தும், ஊர்ப்பக்கத்துப் பள்ளி, கல்லூரி அலுவலகங்களில் இச்சான்றிதழைக் கண்டு புருவம் உயர்த்தும் எழுத்தர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு விசாரிக்கப் போன ஒரு பள்ளியில், “இது டுட்டோரியல்ல எழுதுறதுதானேம்மா?” என்று சிரித்தார்கள். இச்சான்றிதழ் மற்ற வாரியங்களின் சான்றிதழுக்கு இணையானது என்று கூறும் ஆணையின் நகல் ஒன்றை எப்போதும் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. வாதம் செய்வதைவிட அது விரைவாக வேலை செய்கிறது.

தேர்வு மையத்துக்கு மகளை அழைத்துச் சென்ற நாட்களில் வாசலில் காத்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடிய ஒரு பெண். பணிமனைச் சட்டையோடு வந்து, நகக்கண்ணில் கிரீஸ் கறையுடன் அனுமதிச் சீட்டை நீட்டிய ஓர் இளைஞர். சக்கர நாற்காலியில் வந்த மகனுக்காகச் சொல்வதை எழுதுபவரோடு பேசிக்கொண்டிருந்த ஒரு தந்தை. எங்களைப் போல விரும்பிப் பள்ளியை விட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் ஓரிருவர் இருந்தால் அதிகம். பாடத்திட்டம் இன்னும் ஆழமாக இருக்க வேண்டும், வினாக்கள் சிந்தனையைத் தூண்ட வேண்டும் என்று எங்கள் வட்டத்தில் அடிக்கடி குறைபட்டுக்கொள்கிறார்கள். 33 சதவீதத்தில் தேர்ச்சி என்பதைக்கூட இளக்காரமாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த இளைஞருக்கு அந்த 33 எவ்வளவு பெரிய தொகை என்பதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காமல் போயிற்று. ஆழம் வேண்டுமென்றால் அதை வீட்டில் தருவதற்குத்தானே பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டோம்.

ஆகவே, நாள்தோறும் சில மணி நேரமாவது பிள்ளையோடு உட்காரக்கூடிய ஒருவர் வீட்டில் இருந்து, தேர்வுக்கும் சான்றிதழுக்கும் மட்டும் ஓர் அமைப்பைத் தேடும் குடும்பத்துக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். இருவரும் வேலைக்குப் போய்விட்டு, படிப்பு மையம் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுபவர்கள் அருகிலுள்ள நல்ல அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுவது மேல்.

சேர முடிவு செய்தவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பிள்ளையின் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வழக்கப்படி ஓரிடத்தில் தலைப்பெழுத்தும் வேறிடத்தில் தந்தையின் முழுப்பெயரும் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலில் அச்சேறிய பிறகு திருத்துவதற்குத் தனி விண்ணப்பமும் கட்டணமும் காத்திருப்பும் வேண்டியிருக்கும்.